பழைய என்டர்பிரைஸுக்குப் புதுக் கயிறு: எதை எங்கே போட்டோம், ஏன்

எங்கள் பாய்ப் படகு என்டர்பிரைஸ் வகை. ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. 1956-ல் லண்டனின் நியூஸ் க்ரானிக்கிள் நாளிதழ் ஆதரவோடு வெளிவந்தது. இரண்டு பேர் ஓட்டுவது. நீளம் 4.04 மீட்டர். பெரிய மெயின் பாயும் முன்னால் உள்ள சிறிய ஜிப் பாயும் சேர்த்துச் சுமார் 10.5 சதுர மீட்டர். ஸ்பின்னேக்கர் என்ற பலூன் பாய் கிடையாது, ஆள் வெளியே தொங்க உதவும் ட்ரபீஸ் கம்பியும் கிடையாது. இந்தியக் கிளப்புகளில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கும் வகை என்பதால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். எங்களுடையதும் அப்படி வந்ததுதான்: ஃபைபர்கிளாஸ் உடல், அலுமினியப் பாய்மரம், நானும் கல்லூரி நண்பர் ஒருவரும் பங்கு. சென்னைத் துறைமுகத்துக்குள் இறக்கி, காற்று பார்த்து வெளியே போய்வருவோம்.

வந்த நாளிலிருந்து ஒரே புகார். மிதமான காற்றில் படகு ஒழுங்காகப் போகும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் மெயின் பாயின் முன்விளிம்பில், பாய்மரத்தை ஒட்டி, வரிசையாகக் குறுக்குச் சுருக்கம் விழும். பாயின் வயிறு பின்னால் நகரும். படகு முன்னே போவதற்குப் பதில் சாயும். காற்றுக்கு எதிர்த்து ஏறும்போது பக்கத்துப் படகுகள் நம்மைவிடப் பத்து டிகிரி மேலே முகம் காட்டிக்கொண்டு போகும். கரைக்கு வந்து பார்த்தால் சுருக்கம் இருக்காது.

நண்பர் ஹேல்யார்ட் கிளீட்டில் வழுக்குகிறது என்றார். ஹேல்யார்ட் என்பது பாயை மேலே ஏற்றி நிறுத்தும் கயிறு. பாய்மர உச்சியில் உள்ள கப்பியில் ஏறி, மரத்துக்குள்ளே இறங்கி, அடியில் ஒரு கிளீட்டில், அதாவது கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிடியில், கட்டப்படும். வழுக்குகிறதா என்று பார்ப்பது சுலபம். கிளீட்டை ஒட்டிக் கயிற்றில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டோம். பாய்மர உச்சியில், பாயின் தலை நிற்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ரெஸ்கியூ போட்டில் இருந்தவரிடம் போனைக் கொடுத்து, காற்று ஏறியதும் உச்சியைப் படம் எடுக்கச் சொன்னோம்.

படத்தில் பாயின் தலை மூன்று பட்டை கீழே இருந்தது. கீழே கிளீட்டில் பேனாக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. அப்புறம் பேச என்ன இருக்கிறது? கயிறு வழுக்கவில்லை, நீள்கிறது.

கயிறுகளைக் கழற்றிப் பார்த்தது

பாய்மரத்தைச் சாய்த்து இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தோம். ஹேல்யார்டை உருவுவதற்கு முன் அதன் வாலில் கொத்தனார் நூலைத் தைத்துவிட வேண்டும். முடிச்சு போட்டால் உள்ளே சிக்கும். இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்து ஊசியால் நாலு தையல், மேலே ஒரு சுற்று டேப். கயிறு வெளியே வரும்போது நூல் உள்ளே போய்விடும், புதுக் கயிற்றை அதே நூல் இழுத்து வரும். இதை மறந்தவர்கள் பாய்மரத்தை ஆட்டி ஆட்டி ஒரு சாயங்காலத்தைத் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்தது பச்சை நிறத்தில், மூன்று பிரியில், ஆறு மில்லிமீட்டர் கயிறு. கையில் பச்சைத் தூள் ஒட்டியது. பிரியைத் திருகித் திறந்தால் உள்ளேயும் மாவு. முந்தைய சொந்தக்காரர் யாரோ வலைக் கயிற்றை வாங்கிப் போட்டிருக்கிறார். விற்றவர் அதை நைலான் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்; நம் ஊர்க் கடைகளில் பிளாஸ்டிக்காக எது இருந்தாலும் நைலான் கயிறுதான். ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டோம். மிதந்தது. நைலான் மிதக்காது, அதன் அடர்த்தி 1.14. பாலியஸ்டர் 1.38, அதுவும் முழுகும். மிதப்பவை பாலிப்ரொப்பிலீன் (0.91), பாலிஎத்திலீன் (0.95), டைனீமா என்ற விலை உயர்ந்த இழை (0.97). டைனீமாவை யாரும் பச்சை முப்பிரியாக முறுக்கிக் கிலோ கணக்கில் விற்க மாட்டார்கள்; மீதி இரண்டில் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்று முடிவு செய்தோம். லைட்டரில் நுனியைக் காட்டியதும் மெழுகுவத்தி வாசனை வந்தது, நைலான் இல்லை என்ற வரைக்கும் சந்தேகம் தீர்ந்தது.

பாலிப்ரொப்பிலீன் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. காசிமேட்டில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மிதக்கும், தண்ணீர் குடிக்காது, விலை குறைவு, தேய்ந்தால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம். ஆனால் வெயிலைத் தாங்கும் கலவை சரியாகச் சேர்க்காவிட்டால் சென்னை வெயிலில் பொடியாகும். அதைவிட, இழுத்தால் நீளும்.

அடுத்து உச்சிக் கப்பி. இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், கயிறு வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவதும் இதுதான். இந்த மரம் கட்டப்பட்ட காலத்தில் மெயின் ஹேல்யார்ட் எஃகுக் கம்பியாக இருந்திருக்கிறது. கப்பிச் சக்கரத்தின் காடி கம்பிக்காக வெட்டப்பட்ட ஒடுக்கமான வி வடிவக் காடி. அதில் ஆறு மில்லிமீட்டர் கயிறு இறங்கவே இல்லை. காடியின் இரு உதட்டின் மேல் உட்கார்ந்து ஓடியிருக்கிறது. கயிற்றில் அந்த இடம் மட்டும் தட்டையாகி, பஞ்சு பிரிந்து நின்றது. சுண்டு விரல் நகத்தைக் காடிக்குள் ஓட்டினால் இரண்டு இடத்தில் தட்டியது. பழைய கம்பியின் அறுந்த இழைகள் கீறிய தடம். இதை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் ஒரு பருவத்துக்குள் அந்த இடத்தில் வெட்டிவிடும்.

நம்பர் கூடிய எமரித் தாளைக் கயிறு மாதிரிச் சுருட்டிக் காடியில் ஓட்டி, நகம் வழுக்கிப் போகும்வரை தேய்த்தோம். சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் பார்த்தோம். மெல்லிய கயிறு காடியிலிருந்து தவறி அந்தச் சந்தில் இறங்கினால் பாய் ஏறாது, இறங்காது, நடுக்கடலில் இறங்காத பாய் விளையாட்டு இல்லை. இரண்டு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. நாலு மில்லிமீட்டர் கயிறு நுழையாது. சரி.

ஜிப் ஹேல்யார்ட் இன்னும் கம்பியாகவே இருந்தது. கீழ்க் கொக்கிக்குப் பக்கத்தில் மூன்று இழை அறுந்து முள்ளாக நின்றது. மெயின்ஷீட், அதாவது மெயின் பாயின் அடிவிளிம்பில் கிடையாக நிற்கும் பூம் என்ற கம்பத்தை இழுக்கும் கயிறு, ஏதோ மொரமொரப்பான பின்னல். உப்பேறிக் கம்பி மாதிரி விறைத்திருந்தது. ஜிப் பாயை இழுக்கும் ஜிப் ஷீட் இரண்டும் இரண்டு வகை. பூமைக் கீழே இழுக்கும் கிக்கரில் துணி உலர்த்தும் கொடிக் கயிறு. உண்மையாகவே கொடிக் கயிறு.

எவ்வளவு பாரம் வருகிறது

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் முதலில் வரும் பதில், "சார், இதுல யானையைக் கட்டலாம் சார்." கட்டலாம்தான். ஆனால் எங்கள் படகில் அவ்வளவு பாரம் எங்கே இருக்கிறது?

கணக்கு கஷ்டமில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் காற்று. மாலுமிக் கணக்கில் கிட்டத்தட்ட இருபது நாட் (knot). இந்தப் படகுக்கு அதுவே ஏகப்பட்ட காற்று. அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். பாயின் வளைவுக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் 90. மொத்தப் பாய் 10.5 சதுர மீட்டருக்கு 945 நியூட்டன், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குப்பென்று அடிக்கும் காற்றுக்கு இரட்டிப்பு வைத்தாலும் இருநூறு கிலோ, அதுவும் ஒரே கயிற்றில் வராது. எட்டு மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு அறுவதற்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். முடிச்சு போட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போகும் என்று வைத்தாலும் தாராளம். இந்த அளவுப் படகில் நல்ல கயிறு பாரத்தால் அறுவது அபூர்வம். தேய்ந்து அறும், வெயிலில் மக்கி அறும்.

ஆகவே அறும் பாரத்தைப் பார்த்துக் கயிறு வாங்குவதில் பொருளில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு கயிற்றுக்கும் மூன்று கேள்வி வைத்துக்கொண்டோம். இது நீண்டால் என்ன ஆகும்? இதைக் கையால் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம்? இது எந்தக் கப்பியில், எந்தக் கிளீட்டில் போகிறது?

பொருள்கள்

ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியபோது செயற்கை இழை என்ற பேச்சே இல்லை. நைலான் 1935-ல், பாலியஸ்டர் 1941-ல் வந்தவை. சிறு படகுக்கு இன்று பார்க்க வேண்டியது நாலு பொருள்தான்.

நைலான் நன்றாக நீளும், அறுவதற்குள் கால் பங்குக்கு மேலேயே நீளும். நனைந்தால் பலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். நங்கூரத்துக்கும் இழுவைக்கும் அந்த நீட்சி வரம். பாய்க்கு ஆகாது. மலையேற்றச் சாமான் கடைகளில் ஐந்து, ஆறு மில்லிமீட்டரில் அழகழகான வண்ணத்தில் துணைக் கயிறு கிடைக்கிறது, நண்பர் அதில் மனதைப் பறிகொடுத்தார். பெரும்பாலும் அது நைலான். ஸ்டாட்டிக் என்று எழுதியிருப்பதும் ஏறுகிற கயிற்றோடு ஒப்பிட்டால் ஸ்டாட்டிக், அவ்வளவுதான்.

பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும், நனைந்தாலும் பலம் குறையாது, கைக்கு இதம், நீட்சி மிதம். படகின் பாதிக் கயிறு இதுவாக இருப்பதில் தவறே இல்லை. பாலிப்ரொப்பிலீன் பற்றி மேலே சொன்னேன்.

நாலாவது டைனீமா. நெதர்லாந்தின் டிஎஸ்எம் 1970-களின் இறுதியில் கண்டுபிடித்து 1990-ல் வணிகமாக உற்பத்தி தொடங்கிய இழை. மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன். வலைக் கயிற்றின் பாலிஎத்திலீனும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வளர்ப்பில்தான் வித்தியாசம். நாலு மில்லிமீட்டர் நல்ல டைனீமா ஒன்றரை டன் அளவில்தான் அறும், அறும்போதும் மூன்று நாலு சதவீதமே நீண்டிருக்கும். குறை இல்லாமல் இல்லை. வழவழப்பு, சாதாரண முடிச்சு நழுவும், கிளீட் பல் பிடிக்காது. 150 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே உருகும், ஆகவே வேகமாக உரசும் இடத்துக்கு ஆகாது. நிரந்தரமாகப் பாரத்தில் விட்டால் மெல்ல மெல்ல நீண்டு திரும்பாது. வெப்பம் கூடக் கூட அது அதிகமாகும். விலையும் பாலியஸ்டரைப் போலப் பல மடங்கு.

மெயின் ஹேல்யார்ட்

மரத்தடியிலிருந்து உச்சிவரை ஆறு மீட்டர் சொச்சம். பாயை ஏற்றிக் கட்டிய பிறகு பாரம் தாங்குவது இந்த நீளம். ஐந்து மில்லிமீட்டர் பாலியஸ்டர் போட்டு அறுபது கிலோ பாரம் என்று வைத்தால், அறும் பாரத்தில் பத்தில் ஒன்று. நீட்சி இரண்டு சதவீதம் என்றாலும் பன்னிரண்டு சென்டிமீட்டர். பச்சைக் கயிற்றைவிடத் தேவலாம், ஆனால் நோய் அதே நோய். நாலு மில்லிமீட்டர் டைனீமாவுக்கு அதே பாரம் தூசு. பிரி எல்லாம் இறுகி உட்கார்ந்த பிறகு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். கப்பிக் காடியும் நாலு மில்லிமீட்டருக்குத்தான் இடம் கொடுக்கிறது. முடிவு தானாக வந்தது.

கிளீட்டில் வழுக்குமே, அதற்கு என்ன செய்வது? மேலே பாலியஸ்டர் உறை போட்ட டைனீமா வாங்கலாம். அது ஐந்து மில்லிமீட்டர் ஆகிவிடும், காடியில் இறங்காது. பழைய கம்பி ஹேல்யார்டுகள் என்ன செய்தனவோ அதையே செய்தோம். பாரம் தாங்கும் நீளத்துக்கு மட்டும் டைனீமா. அதன் கீழ் முனையில் ஒரு கண். மரத்தடியில் பல் வைத்த ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை. கண்ணை இழுத்து ஏதாவது ஒரு பல்லில் மாட்டினால் முடிந்தது. கையால் இழுக்கும் மிச்ச நீளத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் பாலியஸ்டர் வால். பாய் ஏறிய பிறகு வாலில் பாரமே கிடையாது, ஆகவே அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. ஏழு மீட்டர் டைனீமாவில் வேலை முடிந்தது.

அந்த ஏழு மீட்டரும், கூட ஒரு ஐந்து மீட்டரும், சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த நண்பரின் மச்சான் பெட்டியில் வந்தது. சாக்லேட்டுக்குப் பதில் கயிற்றுச் சுருளா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

கண் போடுவது தனி வேலை. முடிச்சு போட்டால் பலமும் போகும், தடிமனும் கூடும், பாயின் தலை கப்பி வரை ஏறாமல் முடிச்சே முட்டும். ஆகவே பின்னிச் சேர்க்க வேண்டும். உள்ளீடற்ற பன்னிரண்டு பிரிப் பின்னல் என்பதால் கயிற்றின் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே புதைக்கலாம். புதைக்கும் நீளம் கயிற்றுத் தடிமனைப் போல 72 மடங்கு என்பது வழக்கமான கணக்கு. நாலு மில்லிமீட்டருக்கு 29 சென்டிமீட்டர். கயிற்றை இரு கையாலும் தள்ளிக் கூட்டினால் பின்னல் விரிந்து குழலாகும். மடக்கிய மெல்லிய எஃகுக் கம்பியை அதற்குள் விட்டு, மறுபக்கம் வாலைக் கொத்தி இழுத்தோம். வாலின் கடைசிப் பகுதியில் பிரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக உருவி வெட்டிக் கூராக்க வேண்டும். இல்லாவிட்டால் புதைத்த இடம் முடியும்போது ஒரு படி மாதிரி நிற்கும், கப்பியில் தட்டும். கத்தரிக்கோல் டைனீமாவைக் கடிக்காது, வழுக்கும். டேப் சுற்றி, மரப் பலகையில் வைத்து, புது பிளேடால் அழுத்தி அறுத்தால் வரும். கடைசியில் கண்ணின் கழுத்தில் ஊடும் பாவுமாகச் சில தையல். பாரம் இல்லாமல் தொங்கும்போது புதைத்த வால் நழுவி வெளியே வராமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது.

பாலியஸ்டர் வாலைக் கீழ்க் கண்ணில் முடிச்சுப் போடவில்லை, மடித்துத் தைத்தோம். பாய் இறங்கும்போது அந்த இணைப்பு மரத்துக்குள்ளே ஏறிப் போகும், முடிச்சு இருந்தால் அடிக் கப்பியில் சிக்கும்.

ஜிப் ஹேல்யார்டை மாற்றாமல் மாற்றியது

இதையும் டைனீமாவாக்கிவிடலாம் என்று நண்பர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்குச் சம்மதமில்லை.

என்டர்பிரைஸில் ஜிப் ஏறியதும் பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிப்பது ஜிப்பின் முன்விளிம்புக் கம்பியும் அதன் ஹேல்யார்டும்தான்; முன் ஸ்டே, அதாவது மரத்தை முன்பக்கம் தாங்கும் நிரந்தரக் கம்பி, தளர்ந்துவிடும். மரத்தடியில் உள்ள நெம்புகோலை மடக்கும்போது இதில் நூற்றைம்பது கிலோ அளவுக்கு இழுவிசை ஏறும், கரை திரும்பும்வரை இறங்காது. நீட்சியை மட்டும் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் நெகிழ் கம்பிக்கும் நாலு மில்லிமீட்டர் டைனீமாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நெம்புகோலின் வீச்சு சில சென்டிமீட்டர்தான். கண் எங்கே வரவேண்டும் என்பது சென்டிமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். புதிதாகப் பின்னிய டைனீமா முதல் சில நாள் இறுகி இறுகி நீளும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பின்ன வேண்டும். மெயினில் பல் வைத்த பட்டை அதைச் சமாளிக்கிறது, இங்கே அது இல்லை. கொக்கியும் எஃகு, கூர்மையான விளிம்பு. கப்பியும் கம்பிக்கானது. கம்பிக்கு என்றே வடிவமைத்த இடத்தில் கம்பியே இருக்கட்டும்.

316 ரக ஸ்டெயின்லெஸ், 7×19 பின்னல், மூன்று மில்லிமீட்டர், அறும் பாரம் அரை டன் அளவு. இரு முனையிலும் வளையம் வைத்துச் செப்பு ஃபெரூல் (கம்பியைப் பிடிக்கும் சிறு குழல்) அழுத்தினோம். அலுமினிய ஃபெரூல் மலிவாகக் கிடைக்கும். கடலில் ஸ்டெயின்லெஸ்ஸோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், வேண்டாம். கைக்கு எட்டும் இடத்தில் ஃபெரூலுக்கு மேல் டேப் சுற்றியிருக்கிறோம், அறுந்த இழை ஒன்று உள்ளங்கையில் ஏறினால் தெரியும் அதன் அருமை.

கையில் பிடிக்கும் கயிறுகள்

மெயின்ஷீட்டைத்தான் கடலில் இருக்கும் நேரமெல்லாம் கையில் பிடித்திருக்கிறோம். கொஞ்சம் நீண்டாலும் குடி முழுகாது, எப்படியும் நொடிக்கு நொடி இழுத்தும் விட்டும் கொண்டிருப்பதுதான். இங்கே வேண்டியது பிடிமானம். ஆறு மில்லிமீட்டர் போதும் என்று கணக்கு சொல்லும். காற்று ஏறி அரை மணி நேரம் ஆனதும் விரல் மடிப்பு வேறு சொல்லும். எட்டு மில்லிமீட்டர், மேலுறை பளபளக்காமல் பருத்தி மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும் பாலியஸ்டர் பின்னல் வாங்கினோம். எங்கள் படகில் உள்ள, ஒரு பக்கம் மட்டும் சுழலும் ராட்செட் கப்பியும் எட்டுக்குக் கீழே போனால் சரியாகப் பிடிக்காது. மூன்று பிரி முறுக்குக் கயிறு இங்கே ஆகாது. சுருளச் சுருள முறுக்கேறி, அவிழ்க்கும்போது கப்பி வாயில் குரங்குப் பிடியாக நிற்கும்.

நீளத்துக்குக் கேட்லாக்கைப் பார்க்க வேண்டாம். பூமைப் பக்க ஸ்டேயில் முட்டும்வரை வெளியே தள்ளி, ஏதாவது ஒரு நூலை எல்லாக் கப்பியிலும் கோத்து, உட்கார்ந்த இடத்தில் கைக்கு வரவிட்டு, அதற்கு மேல் ஒரு மீட்டர் சேர்த்தால் அதுதான் நீளம். கூடுதலாக வைத்தால் காலில் சுற்றும்.

கடையில் பின்னல் கயிறு வாங்கும்போது நுனியை வெட்டி, மேலுறையைப் பின்னுக்குத் தள்ளி உள்ளே என்ன என்று பார்க்க வேண்டும். உள்ளேயும் ஒரு பின்னல் இருந்தால் நல்லது. முதலில் பார்த்த கடையில் உள்ளே வெறும் பிளாஸ்டிக் நார்க் கற்றை இருந்தது. மேலே மட்டும் பட்டுப் போலப் பின்னல். மேலுறை ஒருபக்கமும் உள்ளீடு ஒருபக்கமும் ஓடும் கயிறு அது.

ஜிப் ஷீட்டுக்கும் அதே வகையில் ஏழு மில்லிமீட்டர். இரண்டு துண்டாக வெட்டாமல் ஒரே கயிறு. நடுவை மடித்து ஜிப்பின் மூலை வளையத்துக்குள் விட்டு, அதன் வழியாகவே இரு முனையையும் இழுத்து இறுக்கினோம். முன்பு ஒரு ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் இருந்தது. திருப்பும்போது படபடக்கும் ஜிப் மூலையில் எஃகுத் துண்டு தொங்கினால், முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு அது நல்லதல்ல.

மீதிக் கயிறுகள்

கிக்கர், பூம் மேலே எழும்பாமல் கீழே இழுத்துப் பிடிப்பது. எட்டு மடங்கு கப்பி அமைப்பு; கையால் இருபது கிலோ இழுத்தால் உராய்வு போக மறுமுனையில் நூறு கிலோவுக்கு மேல் போகும். பூமை ஒட்டிய முதல் பகுதியில் முழுப் பாரமும் இருக்கும், நகர்வோ சில சென்டிமீட்டர். அங்கே நீளும் கயிறு போட்டால் நாம் இழுப்பதையெல்லாம் அதுவே விழுங்கிவிடும், கொடிக் கயிறு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. முதல் பகுதி நாலு மில்லிமீட்டர் டைனீமா, கைக்கும் கிளீட்டுக்கும் வரும் பகுதி ஐந்து மில்லிமீட்டர் பாலியஸ்டர்.

பாயின் பின்மூலையைப் பூம் நுனிக்கு இழுக்கும் அவுட்ஹால், முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் இரண்டும் நாலு மில்லிமீட்டர் பாலியஸ்டர், யோசிக்க ஒன்றுமில்லை. சுக்கான் அலகைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு மிஞ்சிய டைனீமா. அது நீண்டால் வேகத்தில் அலகு பின்னால் தூக்கிக்கொண்டு சுக்கான் பாறாங்கல் கனம் கனக்கும். கால் பட்டையைக் கட்டும் முழ நீளக் கயிறு புதுப் பாலியஸ்டர், வருடம் ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றுவது என்று பேச்சு. அது அறுந்தால் வெளியே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள் முதுகுப்புறமாகக் கடலில் விழுவார்.

முன்முனையில் கட்டும், பெயின்டர் என்ற இழுவைக் கயிறு பாக்கி. கிளப்பில் படகு ஏற்றி இறக்கும் அண்ணன் காசிமேட்டுக்காரர், சின்ன வயதிலிருந்து கயிற்றோடு புழங்கியவர். "இதுக்கும் சிங்கப்பூர்ல சொல்லி வச்சிருக்கீங்களா தம்பி?" என்றார். இல்லை அண்ணே என்றேன். மறுநாள் அவரே பத்து மில்லிமீட்டர் புதுப் பாலிப்ரொப்பிலீனில் எட்டு மீட்டர் கொண்டுவந்தார், முனையில் கண் பின்னி. இழுத்துப் போகும்போது தளர்ந்தாலும் மிதக்கும், ரெஸ்கியூ போட்டின் ப்ரொப்பெல்லருக்குள் போகாது. அலையில் வெட்டி இழுக்கும்போது நீட்சி கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மெயின் ஹேல்யார்டில் குற்றமாக இருந்த நீட்சி இங்கே தேவை. அவர் பின்னிய கண் நான் டைனீமாவில் பின்னியதைவிடச் சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

போட்ட பிறகு

அதே டேப் பட்டைகள், ஏறக்குறைய அதே காற்று, மறுபடி படம். பாயின் தலை முதல் பட்டையைத் தொடவில்லை. மரத்தை ஒட்டிய குறுக்குச் சுருக்கம் போய்விட்டது. கிக்கரை இழுத்தால் பூம் உடனே இறங்குகிறது, முன்பு அரை முழம் இழுத்த பிறகுதான் யோசிக்கும். காற்றுக்கு எதிரே ஏறுவதில் முன்னேற்றம் தெரிகிறது.

முழுக்கச் சரியாகவில்லை. காற்று நன்றாக ஏறினால் பாயின் வயிறு இன்னும் பின்னால் போகிறது. முன்பு இரண்டு குறையும் கலந்து கிடந்ததால் எல்லாப் பழியையும் ஹேல்யார்ட் மேல் போட்டோம். இப்போது ஹேல்யார்ட் அசையாமல் நிற்பதால் மிச்சம் யாருடையது என்று தெரிகிறது: பாய்த் துணிக்கு வயதாகிவிட்டது, துணியே நீள்கிறது. கயிற்றால் ஆகக்கூடியது அவ்வளவுதான். கன்னிங்ஹாமை இன்னும் இரண்டு விரல்கடை இறக்கிக் கட்டி ஓட்டுகிறோம், ஓரளவு அடங்குகிறது.

முதல் சில வாரம் மெயின் ஹேல்யார்ட் கண் ஒரு பல் கீழே இறங்கியது. பின்னல் இறுகிய கணக்கு. பிறகு நின்றுவிட்டது. பாயை இறக்கும்போது பாரம் போய்விடுவதால் வெயிலில் மெல்ல நீளும் கவலை மெயினில் இல்லை. கிக்கரை மட்டும் கரையேறியதும் மறக்காமல் தளர்த்துகிறோம். எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து அலசுவது வாரக்கடைசி வேலை. இழைக்குள் காய்ந்த உப்புப் பரல் உள்ளிருந்தே அறுக்கும். சோப்பு போட்டால் சாதாரணச் சோப்புத்தூள் கொஞ்சமாக, ப்ளீச் கூடாது.

இப்போதைக்குத் தேய்மானம் தெரிவது ஜிப் ஷீட்டில் மட்டும். கேம் கிளீட்டின் பல் எப்போதும் ஒரே இடத்தில் கடிப்பதால் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை பஞ்சாகியிருக்கிறது. உள்ளே உள்ள பின்னல் நன்றாகவே இருக்கிறது. ஜிப் மூலையில் மடிப்பை அவிழ்த்து, நடுவை ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். ஒரு பக்கம் சற்று நீளம், மறுபக்கம் சற்றுக் குட்டை. கிளீட்டில் இப்போது புது இடம் உட்காருகிறது. அடுத்த தடவை எதிர்ப்பக்கம் தள்ளலாம். அதற்குப் பிறகு புதுக் கயிறு.